அஞ்சல்வழிப் பட்டமும் அங்கீகாரமும்



இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அந்த வழியில், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர். 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1991இல் அதன் கீழ் தொலைநிலைக் கல்விக் குழு அமைந்தது.

சிக்கல் 2001க்குப் பிறகு வந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முன் அனுமதி இல்லாமலே பொறியியலைத் தொலைநிலையில் நடத்தின. அவற்றில் ஒன்று நம் சேலத்தில் உள்ளது. ஆட்களைச் சேர்த்த பிறகே ஒப்புதல் வாங்கின.

அந்த ஒப்புதல் செல்லாது என்று 3.11.2017 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001–2005 கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. தனித் தேர்வில் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும். அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. அதை வைத்துப் பெற்ற பதவி உயர்வும் போயிற்று. கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். படித்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

2013 முதல் அனுமதி தரும் பொறுப்பு யுஜிசியிடம் உள்ளது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று யுஜிசி இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விளம்பரத்தை நம்பாதீர்கள்.