உலாவியில் கோப்பு காணல்

உலாவியில் கோப்பு காணல் என்பது, இணையத்தின் வழியாகப் பகிரப்பட்ட ஒரு கோப்பைக் கணினியில் சேமித்து வேறொரு மென்பொருளால் திறக்காமல், உலாவியின் சாளரத்திலேயே அதன் உள்ளடக்கத்தைப் பார்ப்பதாகும். ஆவணங்கள், படங்கள், ஒலிகள், நிகழ்படங்கள், விரிதாள்கள் எனப் பலவகைக் கோப்புகள் இன்று இவ்வாறு காணப்படுகின்றன. இது பதிவிறக்கத்துக்கு மாற்றான ஒன்றாகப் பேசப்பட்டாலும், தொழில்நுட்ப நோக்கில் இரண்டும் பெரும்பாலும் ஒரே செயலே. திரையில் தெரியும் கோப்பின் பைட்டுகளும் வழங்கியிலிருந்து பயனரின் கணினிக்கு வந்து சேர்ந்தவைதாம். வந்த பைட்டுகளை உலாவி என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது. இதனை விளங்கிக்கொள்ளாமையே "பார்க்க மட்டும்" என்ற அனுமதியைப் பற்றிய பல தவறான எண்ணங்களுக்குக் காரணமாகும்.

உலாவி முடிவு செய்யும் முறை

ஓர் ஆசிரியர் வினாத்தாள் ஒன்றைப் பிடிஎஃப் கோப்பாகப் பகிர்கிறார் எனக் கொள்வோம். ஒரு தளத்தில் அது சொடுக்கியவுடன் திரையில் விரிகிறது. இன்னொரு தளத்தில் அதே கோப்பு கணினியின் பதிவிறக்க அடைவில் போய் விழுகிறது. கோப்பின் பெயரோ அதன் பின்னொட்டோ இதற்குக் காரணம் அல்ல. வழங்கி, கோப்பை அனுப்புவதற்கு முன் சில தலைப்பு வரிகளை அனுப்புகிறது. அவற்றுள் இரண்டு இங்கு முக்கியமானவை.

முதலாவது, கான்டென்ட்-டைப் என்னும் வரி. வருவது படமா, உரையா, பிடிஎஃப் ஆவணமா என்பதை இது அறிவிக்கிறது. உலாவிக்குத் தெரிந்த வகையாயின் அது காட்டப்படும். தெரியாத வகையாயின் சேமிக்கப்படும். வகை இன்னதென்று சொல்லாமல் "வெறும் பைட்டுகள்" என்ற பொதுப்பெயரில் அனுப்பினால், உலாவி பொதுவாகச் சேமிக்கும் வழியையே தேர்ந்தெடுக்கும். இவ்வகைப்பெயர் முறை வலைக்காக உருவானது அன்று. நத்தானியல் போரன்ஸ்டீன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் மின்னஞ்சலில் படங்களையும் ஒலியையும் அனுப்புவதற்காக 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட மைம் என்னும் வரையறையிலிருந்து வலை அதனை எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, கான்டென்ட்-டிஸ்பொசிஷன் என்னும் வரி. இதில் "இன்லைன்" என்று இருந்தால் சாளரத்துக்குள் காட்டலாம் என்று பொருள். "அட்டாச்மென்ட்" என்று இருந்தால், காட்டத் தெரிந்த வகையாயினும் உலாவி சேமிக்கவே வேண்டும். இதுவும் மின்னஞ்சலின் வழிவந்ததே. மடலின் உடலோடு சேர்த்துக் காட்ட வேண்டியது எது, தனி இணைப்பாக வைக்க வேண்டியது எது என்று பிரித்துச் சொல்ல 1995இல் முன்மொழியப்பட்டு 1997இல் திருத்தப்பட்டது. உலாவிகள் பல்லாண்டுகளாக இதனைப் பின்பற்றி வந்தபோதும், வலைக்கான முறையான வரையறை 2011ஆம் ஆண்டிலேயே வெளியானது. கோப்புப் பகிர்வுச் சேவைகள் இவ்வரியை முகவரியின் வாயிலாகவே மாற்ற இடம் தருவதும் உண்டு. டிராப்பாக்ஸ் இணைப்பின் கடைசியில் உள்ள சிறு குறியில் சுழியத்தை ஒன்றாக மாற்றினால், காட்டப்பட்ட கோப்பு பதிவிறங்கத் தொடங்கும்.

வரலாறு

செர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவியில் படங்கள் தனிச் சாளரத்தில் திறந்தன. 1993இல் வெளிவந்த மொசைக் உலாவி, படங்களை உரையின் நடுவிலேயே காட்டியதால் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஏனைய கோப்புகளுக்கு "உதவி மென்பொருள்கள்" தேவைப்பட்டன. உலாவி கோப்பை முழுவதும் இறக்கி ஒரு தற்காலிக இடத்தில் வைத்து, அதற்குரிய மென்பொருளைத் தட்டி எழுப்பும்.

நெட்ஸ்கேப் நாவிகேட்டரின் இரண்டாம் பதிப்பு செருகுநிரல்களை அறிமுகப்படுத்தியது. வேறொரு நிறுவனத்தின் நிரல் உலாவியின் சாளரத்துக்குள்ளேயே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தன் கோப்பைக் காட்ட இது வழி செய்தது. 1993இல் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டிருந்த அடோபி நிறுவனம் தன் அக்ரோபாட் படிப்பியை இவ்வாறு உலாவிக்குள் கொண்டுவந்தது.

அப்போது ஒரு புதிய இடர் எழுந்தது. பிடிஎஃப் கோப்பில் எந்தப் பொருள் எங்கே உள்ளது என்று கூறும் அட்டவணை கோப்பின் இறுதியில் இருக்கும். ஆகவே முதற் பக்கத்தைக் காட்டவும் கடைசிப் பைட்டு வரை காத்திருக்க வேண்டும். தொலைபேசி வழி இணைப்பில் சில மெகாபைட்டு ஆவணம் ஒன்றுக்கு இது பல நிமிடங்களாகும். இதற்கு இரு தீர்வுகள் கைகோத்து வந்தன. ஒன்று, முதற் பக்கத்துக்கு வேண்டியவற்றைக் கோப்பின் தொடக்கத்திலேயே அடுக்கி வைக்கும் ஒழுங்கு. இது 1996இல் பிடிஎஃப் 1.2 வரையறையில் இடம்பெற்றது. மற்றொன்று, கோப்பின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கேட்டுப் பெறும் வசதி. இது 1997இல் எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையில் சேர்ந்தது. முந்நூறு பக்க நூலின் இருநூறாம் பக்கத்துக்கு நேரே செல்லும்போது இடைப்பட்ட பக்கங்களுக்காகக் காத்திராமல் இருக்க முடிவது இவ்வசதியாலேயே. நிகழ்படத்தின் நடுப்பகுதிக்குத் தாவும்போதும் பல தளங்களில் இதே வசதிதான் பயன்படுகிறது. எனினும், இன்றும் எல்லா வழங்கிகளும் இதற்கு இசைவதில்லை. இசையாத வழங்கியிலிருந்து வரும் கோப்பு பழைய காலத்தைப் போலவே முழுவதும் வந்தாக வேண்டும்.

செருகுநிரல்கள் பயனர்களின் பொறுமையைச் சோதித்தன. செருகுநிரல் நின்றுபோனால் உலாவியும் அதனோடு நின்றது. மேலும், உலாவி எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் செருகுநிரலின் பாதுகாப்பு ஓட்டைகள் உலாவியின் ஓட்டைகளாகவே அமைந்தன. இதனால் உலாவித் தயாரிப்பாளர்கள் கோப்பு காட்டும் வேலையைத் தாமே ஏற்கத் தொடங்கினர். கூகிள் குரோம் 2010இல் தனக்குள்ளேயே ஒரு பிடிஎஃப் காட்டியைச் சேர்த்தது. அதன் அடிப்படை நிரல் 2014இல் பிடிஎஃபியம் என்ற பெயரில் திறந்த மூலமாக்கப்பட்டது. மொசில்லா வேறொரு வழியை நாடியது. 2011இல் தொடங்கப்பட்ட பிடிஎஃப்.ஜேஎஸ் என்னும் திட்டம், பிடிஎஃப் கோப்பைச் சாதாரண வலைப்பக்கத்தைப் போல ஜாவாஸ்கிரிப்டால் வரைந்து காட்டுகிறது. 2013 பெப்ரவரியில் வந்த பயர்பாக்ஸ் 19ஆம் பதிப்பில் அது இயல்பிருப்பாக இடம்பெற்றது. குரோம் 2015இல் நெட்ஸ்கேப் காலத்துச் செருகுநிரல் முறையை முற்றாகக் கைவிட்டது.

வழங்கியிலேயே மாற்றிக் காட்டல்

சொற்செயலி ஆவணங்கள், விரிதாள்கள், முன்வைப்புகள் ஆகியவற்றை உலாவிகள் இன்றும் நேரடியாகக் காட்டுவதில்லை. இவற்றைக் காட்ட விரும்பும் சேவைகள், தம் வழங்கியில் கோப்பைத் திறந்து, அதனை வலைப்பக்கமாகவோ படமாகவோ மாற்றி அனுப்புகின்றன. கூகிள் தேடுபொறி 2001இல் பிடிஎஃப் கோப்புகளைத் தேடலில் சேர்த்தபோது அவற்றை வலைப்பக்க வடிவில் காணவும் வழி தந்தது. 2006இல் சிலைடுசெயரும் 2007இல் சிகிரிப்டும் தொடங்கப்பட்டன; இவை ஃபிளாஷ் நிரலின் துணையோடு ஆவணங்களைக் காட்டின. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 இறுதியில் நிறுத்தப்பட்டது. சிகிரிப்ட் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே எச்.டி.எம்.எல். 5க்கு மாறத் தொடங்கிவிட்டதால் அதன் ஆவணங்கள் தப்பின. பழைய தளங்கள் பலவற்றில் ஃபிளாஷில் பதிக்கப்பட்ட புத்தகங்கள் இப்போது வெறும் சாம்பல் நிறக் கட்டங்களாக உள்ளன. பதிவிறக்க இணைப்பும் தந்திருந்த தளங்களின் வாசகர்களுக்கு இந்த இழப்பு நேரவில்லை.

இம்முறையில் மூலக்கோப்பு பயனரிடம் வருவதில்லை. அதன் தோற்றம் மட்டுமே வருகிறது. ஆகவே கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய பொதுவிதிக்கு இது விலக்காகும். மறுபுறம், காட்டும் சேவை கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் படிக்கிறது. ஒருவர் தன் மருத்துவ அறிக்கையை மூன்றாம் தரப்புக் காட்டியொன்றில் திறக்கும்போது, அதனை அவருக்கு முன்பே அந்த வழங்கி திறந்துவிடுகிறது.

பாதுகாப்பு

கோப்பைச் சேமிக்காமல் பார்ப்பது பாதுகாப்பானது என்ற கருத்து பரவலாக உள்ளது. இதில் ஓரளவு உண்மை உண்டு. சொற்செயலியில் திறந்தால் இயங்கக்கூடிய தீய குறுநிரல்கள், படமாக மாற்றிக் காட்டப்படும்போது இயங்குவதில்லை. உலாவிகளும் காட்டிகளைக் கணினியின் ஏனைய பகுதிகளைத் தொடமுடியாதபடி வேலியிட்டே இயக்க முயல்கின்றன. ஆயினும் வேலியில் ஓட்டை விழுவதுண்டு. 2015 ஆகத்தில் பயர்பாக்சின் பிடிஎஃப் காட்டியிலிருந்த பிழையொன்றைப் பயன்படுத்தி, உருசியச் செய்தித்தளம் ஒன்றில் வந்த விளம்பரம், வாசகர்களின் கணினியிலிருந்த கோப்புகளைத் தேடி எடுத்து வெளியே அனுப்பியது கண்டறியப்பட்டது. மொசில்லா உடனே திருத்தப் பதிப்பை வெளியிட்டது. இங்கே எவரும் எதையும் பதிவிறக்கச் சொடுக்கியிருக்கவில்லை.

பகிர்வுச் சேவைக்கும் ஆபத்து உண்டு. பயனர் ஒருவர் ஏற்றிய எச்.டி.எம்.எல். கோப்பை அச்சேவை தன் சொந்தக் களப்பெயரிலேயே காட்டினால், அதிலுள்ள நிரல் அக்கோப்பைப் பார்ப்பவரின் கணக்கின் பெயரால் செயற்படக்கூடும். எஸ்.வி.ஜி. படங்களுக்குள்ளும் நிரல் இருக்கலாம். எனவே பெரிய சேவைகள் பயனர் ஏற்றியவற்றை வேறு களப்பெயரிலிருந்தே வழங்குகின்றன. விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் எஸ்.வி.ஜி. படங்கள் பொதுவாக வழங்கியில் பி.என்.ஜி. படங்களாக மாற்றப்பட்டே காட்டப்படுகின்றன. வகைப்பெயரை நம்பாமல் கோப்பின் முதற் பைட்டுகளைப் பார்த்து ஊகிக்கும் பழக்கம் இண்டர்நெட் எக்ஸ்புளோரரிடம் இருந்தது. படம் என்று ஏற்றப்பட்டது வலைப்பக்கமாக உருமாறி இயங்க இது இடங்கொடுத்தது. ஊகிக்க வேண்டாம் என்று ஆணையிடும் தலைப்பு வரியை அவ்வுலாவியின் எட்டாம் பதிப்பு 2009இல் கொண்டுவந்தது. பின்னர் ஏனைய உலாவிகளும் அதனை ஏற்றன. கூகிள் டிரைவ், வலைப்பக்கங்களை அப்படியே காட்டும் வசதியை 2016 ஆகத்து 31உடன் நிறுத்திக்கொண்டது.

"பார்க்க மட்டும்" அனுமதி

பல சேவைகள் கோப்பைப் பகிர்பவருக்குப் பதிவிறக்கம், அச்சிடல், படியெடுத்தல் ஆகியவற்றை முடக்கும் வசதியைத் தருகின்றன. இது பொத்தான்களை நீக்குகிறது. பைட்டுகளைத் திரும்பப் பெறுவதில்லை. உலாவிக்கு வந்த பக்கப் படங்களை உலாவியின் உருவாக்குநர் கருவிகளால் எடுக்கலாம். எதுவும் இயலாவிட்டால் திரையைப் படம் பிடிக்கலாம். ஆகவே இதனைப் பூட்டு என்பதைவிட வேண்டுகோள் என்பதே பொருந்தும். வேண்டுகோளுக்கும் பயன் உண்டு: பெரும்பாலானோர் எளிய வழி அடைபட்டவுடன் விட்டுவிடுவர், கோப்பின் படிகள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது குறையும், திருத்தம் செய்தால் அனைவரும் புதிய பதிப்பையே காண்பர். ஆனால் வெளியே போகவே கூடாத ஓர் ஆவணத்தை இதனை நம்பிப் பகிர்வது தவறு.

பொதுக் கணினிகளிலும் இதே தவறு நேர்கிறது. இணைய மையத்திலோ கல்லூரிக் கணினி அறையிலோ சான்றிதழை "பார்த்தேன், இறக்கவில்லை" என்று எழுந்து வருபவரின் கோப்பு, உலாவியின் தற்காலிகச் சேமிப்பகத்தில் தங்கியிருக்கலாம். தனிமறைவுச் சாளரத்தில் திறந்து, பார்த்து முடித்தபின் அத்தகைய சாளரங்கள் அனைத்தையும் மூடினால் உலாவி அதனை வைத்திருப்பதில்லை.

தமிழ்க் கோப்புகள்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் உரை தஸ்கி, டாப், டாம், பாமினி எனப் பல குறியேற்றங்களில் எழுதப்பட்டது. அவற்றில் எழுதிய பக்கத்தை உலாவியில் காண, உரிய எழுத்துருவை நிறுவி, உலாவியின் குறியேற்றத் தெரிவை "பயனர் வரையறுத்தது" என மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாவிட்டால் ஐரோப்பிய எழுத்துக்களின் குவியலே தெரியும். எழுத்துருவைத் தன்னுள்ளேயே பொதிந்துகொள்ளும் பிடிஎஃப் இச்சிக்கலைத் தவிர்த்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் தஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டதோடு பிடிஎஃப் வடிவிலும் தந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடித் தரும் நூலகம் திட்டமும் பிடிஎஃப் வடிவத்தையே பயன்படுத்துகிறது.

ஆனால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குத் தமிழாக இருப்பதில்லை. பழைய எழுத்துருக்களில் உருவான பிடிஎஃப் கோப்பை உலாவியில் திறந்து ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகள் வரும். ஒருங்குறியில் உருவானவற்றிலும் கொம்பு எழுத்துக்கு முன்னே வரும் ஒகர, எகர வரிசைகள் இடம் மாறி வெளிவருவதுண்டு. எழுத்துருவைப் பொதியாமல் உருவாக்கிய கோப்பில் கட்டங்களே தெரியலாம். பழைய குறியேற்றத்திலுள்ள வெறும் உரைக்கோப்புகளின் நிலை இதனினும் மோசம். குரோம் போன்ற உலாவிகளில் குறியேற்றத்தைக் கையால் மாற்றும் தெரிவு இப்போது இல்லாமையால், அவற்றைப் பதிவிறக்கி ஒரு குறியேற்ற மாற்றியில் இட்டே படிக்க வேண்டும்.

கோப்புப் பெயரிலும் ஒரு தொல்லை உண்டு. ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் ஆகும். முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாகும். "தமிழ்" என்ற சொல் ஐந்து குறிகளைக் கொண்டதால் நாற்பத்தைந்து எழுத்துகளாக நீள்கிறது. கான்டென்ட்-டிஸ்பொசிஷன் வரியில் பிறமொழிப் பெயர்களை எழுதும் முறை 2010இல் வரையறுக்கப்பட்டு 2017இல் திருத்தப்பட்டது. அதனைப் பின்பற்றாத வழங்கியிலிருந்து இறங்கும் தமிழ்க் கோப்பு, விழுக்காட்டுக் குறிகளையோ கீழ்க்கோடுகளையோ பெயராகக் கொண்டு வந்து சேர்கிறது. உலாவியில் பார்க்கும்போது இக்குறை கண்ணில் படுவதில்லை, சேமிக்கும்போதுதான் வெளிப்படும்.