யாருக்குப் பாதுகாப்பு?

தேசப் பாதுகாப்பு என்றதும் எல்லைக்கோடும் துப்பாக்கியும் பனிமலையில் நிற்கிற சிப்பாயும்தான் நம் கண்முன் வருகிறார்கள். பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலிருந்து சினிமா வரைக்கும் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். பசி, நோய், வெள்ளம், வேலையின்மை எல்லாமே பாதுகாப்புப் பிரச்சினைகள்தான், அந்தக் கருத்தாக்கம் இன்றைக்கு விரிந்துவிட்டது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். விரிந்தது நிஜம். யார் விரித்தார்கள், யாருக்காக விரித்தார்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

முதலில் அமெரிக்காவைப் பார்த்துவிடுவோம், இந்தச் சொல் புழங்கிய இடம் அது. 1935இல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாப்பு என்றால் அன்றைக்கு வயதான காலத்தில் பென்ஷன், வேலை போனால் உதவித்தொகை. விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சொன்னால் புரியாதா நமக்கு? பன்னிரண்டே வருஷம் கழித்து, 1947இல், தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்னொன்று வந்தது. சி.ஐ.ஏ. என்கிற உளவு நிறுவனம் பிறந்தது அதில்தான். சோற்றுத் தட்டுப் பக்கம் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டுபோய் ராணுவ அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆகவே பிற்பாடு நடந்ததை விரிவு என்று சொல்வதைவிட, போன சொல் பாதி வழி திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

இந்தியாவில் இந்தக் கணக்கை முதலில் கேட்டவர்களில் ஒருவர் அம்பேத்கர். 1951இல் நேருவின் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அவர் எழுதிய அறிக்கையை நாடாளுமன்றத்தில் படிக்க முடியாமல் போயிற்று. முன்கூட்டியே பிரதி கொடு என்றார்கள். வெளியே வந்து பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இந்து சட்ட மசோதாவைக் கைவிட்டதற்காக விலகினார் என்பது மட்டும்தான் பரவலாகப் பேசப்படுகிறது. அதே அறிக்கையில் வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. வருஷ வருமானம் 350 கோடி ரூபாய், அதில் ராணுவத்துக்கு 180 கோடி. பாதிக்கும் மேல்! நண்பர்களே இல்லாத வெளியுறவுக் கொள்கையின் விலை இது என்றார். பட்டியல் சாதியாரின் நிலைமை கொஞ்சமும் மாறவில்லை, பழைய கொடுமை அப்படியே இருக்கிறது என்றும் அதே அறிக்கையில் சொன்னார். பட்ஜெட் கணக்கும் சேரிக் கணக்கும் ஒரே காகிதத்தில். அவர் சிப்பாய்க்கு விரோதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பாவே ராணுவத்தில் இருந்தவர்தான்.

அடுத்து நெல்லுக்கு வருவோம். 1965, 66இல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பித்தான் தேசம் சாப்பிட்டது. 1966இல் இறக்குமதியான தானியம் சுமார் 1 கோடி டன். ஜனாதிபதி ஜான்சன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார், வியட்நாம் போரைப் பற்றி வாயைத் திறந்த டில்லிக்குப் பாடம் புகட்டுகிற மாதிரி. தானியம் இல்லாத நாட்டுக்குச் சுதந்திரமான வாய் கிடையாது என்று டில்லிக்கு அப்போது உறைத்தது. பசுமைப் புரட்சி வந்தது. உணவும் தேசப் பாதுகாப்பு ஆயிற்று. எந்த மேல்நாட்டு அறிஞரும் கட்டுரை எழுதுவதற்கு முன்னாலேயே நடந்த விரிவு இது.

அந்த நெல் எங்கே விளைந்தது? தீவிர விவசாயத் திட்டத்துக்கு 1960களின் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். விதை, உரம், கடன் எல்லாம் மிராசுதார் களத்துக்குப் போனது. களையெடுத்து, அறுத்து, அடித்துக் கொடுத்தவர்கள் கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். தேசத்தின் உணவுப் பாதுகாப்புக்காக உழைத்த உயிர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அதுதான்.

அடுத்த வருஷமே, 1969இல், உள்துறை அமைச்சகம் கிராமப்புறப் பதற்றங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. நிலமில்லாதவன் கோபம் வெடிக்கும், நிலச் சீர்திருத்தம் செய்யாவிட்டால் ஆபத்து என்றது. சரியான பேச்சுத்தான். ஆனால் எந்த அமைச்சகம் பேசுகிறது பாருங்கள். போலீஸை வைத்திருக்கிற அமைச்சகம். கூலிக்காரன் பசி ஆபத்தாகத் தெரிகிறது, யாருக்கு ஆபத்து? பசித்தவனுக்கு என்று அந்தக் கோப்பு கவலைப்படவில்லை.

பிறகு 1994. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை 'மனிதப் பாதுகாப்பு' என்பதை உலகத்தின் முன்னால் வைத்தது. பின்னால் இருந்தவர் மஹ்பூப் உல் ஹக். 1980களில் ராணுவத் தளபதி ஜியாவின் ஆட்சியில் பாகிஸ்தான் நிதியமைச்சராக இருந்தவர். பீரங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் எப்படிப் பிரிகிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர். பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகக்குழு, அரசியல் என்று ஏழு வகைப் பாதுகாப்பை அந்த அறிக்கை எண்ணியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. இதில் ஆறாவதுதான் இடிக்கிறது. சமூகக்குழுவின் பாதுகாப்பு என்றால் எந்தக் குழு? ஊரும் ஒரு குழுதானே! ஊர் ஒற்றுமையாக, பத்திரமாக இருக்கிற ராத்திரிகளில்தான் சேரி தூங்காமல் கிடக்கிறது. மரபான குழுக்கள் கொத்தடிமை முறையைக் காப்பாற்றி வருவதை அறிக்கையே ஒத்துக்கொள்கிறது. இருந்தும் ஏழு தலைப்பில் சாதிக்கு ஒரு தலைப்பு கிடைக்கவில்லை.

2000 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபை எய்ட்ஸைப் பற்றி உட்கார்ந்து பேசியது. 2014இல் எபோலா நோயை உலக அமைதிக்கு அச்சுறுத்தல் என்று தீர்மானம் போட்டது. கதவு அகலமாகத் திறந்துவிட்டது. அதே கதவு வழியாகத்தான் போலீசும் உள்ளே வருகிறது. இந்தியாவின் 1980ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். வழக்கு விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அரசின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு மட்டும் காரணமில்லை. சமூகத்துக்கு அத்தியாவசியமான பொருள்களும் சேவைகளும் தடைப்படாமல் இருப்பதும் ஒரு காரணம். அத்தியாவசிய சேவை என்கிறார்களே, சாக்கடையையும் குப்பையையும் அள்ளுகிறவர் யார்? அவர் வேலையை நிறுத்தினால் அதுவும் தேசப் பாதுகாப்பு விவகாரம்.

2017 மே மாதம் உத்தரப் பிரதேசம் சகாரன்பூர் மாவட்டத்து ஷபீர்பூரில் தலித் வீடுகள் எரிந்தன. அதை ஒட்டி எழுந்த போராட்ட வழக்குகளில் பீம் ஆர்மியின் சந்திரசேகர் ஆசாத் ஜூனில் கைதானார். நவம்பர் 2ஆம் தேதி அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. மறுநாளே தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அவர் வெளியே வந்தது 2018 செப்டம்பரில்.