பெயர்ப் பட்டியலை வைத்திருந்தது யார்?

இணையத்தின் வரலாறு எண்டால் எங்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் கம்பிகளின் கதையும் பொறியியலாளர்களின் கதையும்தான். ஒரு பட்டியலின் கதையைப் பெரிதாக யாரும் சொல்லுறதில்லை.

வலையமைப்பில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறியும். மனிசருக்கு எண் நினைவில நிக்காது, பெயர்தான் நிக்கும். அமெரிக்காவில் 1969இல் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கிய ஆர்ப்பாநெட்டில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஒவ்வொரு நிலையமும் தன்பாட்டில் வைத்திருந்தது. 1973 டிசெம்பரில் பீட்டர் டொய்ச் என்பவர் எழுதிய குறிப்பொன்று, எல்லோருக்கும் பொதுவான ஒரே பட்டியல் வேண்டும் எண்டு கேட்டது. அடுத்த மாதமே கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவனத்திலிருந்த வலையமைப்புத் தகவல் மையம் அதற்கான விதிகளை வெளியிட்டது.

அந்த மையத்தை 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். அவர் படித்தது இரசாயனவியல். செய்துவந்தது தகவல்களைத் தேடித் தொகுக்கிற வேலை. புதுக் கணினிக்குப் பெயர் வேணுமெண்டால் அவருடைய மையத்துக்கு அறிவிக்கவேணும். அங்கே கையால் பதிந்த பிறகு, மற்ற எல்லோரும் அந்தக் கோப்பைத் திரும்ப இறக்கிக்கொள்ளவேணும்.

1981 ஓகஸ்ட்டில் 213 கணினிகள் இருந்தன. இரண்டு வருடத்தில் 562. ஒரு கோப்பால் தாக்குப்பிடிக்க ஏலாமல் போச்சு. 1983 நவெம்பரில் போல் மொக்கபெட்ரிஸ் புதிய முறையை முன்வைத்தார். ஒரே பட்டியலுக்குப் பதில், ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களைத் தானே பார்த்துக்கொள்ளும். மேல்மட்டம் கீழ்மட்டத்தை மட்டும் சுட்டிக்காட்டும். இண்டைக்கும் இணையம் ஓடுறது அப்படித்தான். பழைய கோப்பும் சாகேல்லை. எங்கட மடிக்கணினிகளில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் அது இன்னும் கிடக்குது. வலையமைப்புச் சாதனங்களிலும் கையால் பெயரும் எண்ணும் எழுதி வைக்கலாம்.

இதில எங்களுக்கு என்ன? 1974இன் விதி, ஒரு பெயரில் ஏ முதல் இசட் வரையான எழுத்து, இலக்கம், சிறுகோடு மட்டும்தான் வரலாம் எண்டது. வேறு மொழியில் பெயர் வைக்க ஒருவர் வருவார் எண்டு அங்கே யாரும் எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வசதி வழக்கமாகி, வழக்கம் உலகத்துக்கே விதியாகிப் போச்சு. '.இலங்கை' என்ற தமிழ் முடிவு வர 2010 ஆச்சு. இப்பவும் நாங்கள் தமிழில் தட்டுற முகவரி, கேள்வியாக வெளியே போகமுதல் ஆங்கில எழுத்துகளின் சரமாக மாற்றப்படுகிறது. பட்டியலைத் தொடங்கினவர்களின் அரிச்சுவடியில்தான் எங்கட பெயர் இன்னும் பயணம் செய்யுது.

பெயர்ப் பட்டியல் எழுதுறது சின்ன எழுதுவினைஞர் வேலை எண்டு நினைக்கிறம். யார் எந்த எழுத்தில் பதியப்படலாம் எண்டு தீர்மானிக்கிறதும் அந்த வேலைதான்.