விலகிய பின்னும் விடாத ஒப்பந்தம்

பத்திரிகை உலகில் ஒருவர் இன்று விலகுவதும், அடுத்த வாரமே போட்டிப் பத்திரிகையில் அவரது பெயர் அச்சாவதும் வழமையானவை. அண்மையில் இளம் நண்பர் ஒருவர் தமது நியமனக் கடிதத்தை என்னிடம் காட்டினார். பதவி விலகினால் ஓராண்டுக்கு அதே துறையில் வேறெங்கும் பணியாற்றலாகாது என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தது. "இது சட்டப்படி செல்லுமா?" என்று கேட்டார். இக்கேள்விக்கு வயது அறுநூறுக்கு மேல்.

1414ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோன் டயர் என்ற சாயத் தொழிலாளி, தமது ஊரில் ஆறு மாதங்களுக்குத் தொழில் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை மீறினார் என்று வழக்கு வந்தது. நீதிபதி ஹல் சினம் கொண்டார். வழக்காளி மட்டும் இங்கே நின்றிருந்தால், மன்னருக்குத் தண்டப்பணம் கட்டும்வரை சிறையில் இருந்திருப்பார் என்று கடவுள் மீது ஆணையிட்டுக் கூறினார். இக்கோபத்துக்குக் காரணம் உண்டு. 1348இல் பரவிய கொள்ளைநோயால் உழைப்பவர் அருகிப்போயினர். உடல் வலுவுள்ளவர் உழைத்தேயாக வேண்டும் என 1349இல் அரச கட்டளை பிறந்திருந்தது. அத்தகைய நாட்டில் ஒருவரின் கையைக் கட்டிவைப்பது ஊருக்கே இழப்பு.

காலம் மாறியது, வணிகம் பெருகியது. 1711இல், வெதுப்பகத்தை ஒருவருக்குக் கைமாற்றிய பின்னர் அதே பங்கில் ஐந்தாண்டுகள் போட்டியிடுவதில்லை என்ற உறுதிமொழி செல்லும் என்று இலண்டன் நீதிமன்றம் தீர்த்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்பதே அன்று முதல் ஆங்கிலச் சட்டத்தின் அளவுகோலாயிற்று.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமோ அந்த அளவுகோலை ஏற்கவில்லை. ஒருவரின் சட்டபூர்வமான தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. வணிகத்தை நற்பெயருடன் விற்பவர் மட்டுமே விதிவிலக்கு. அமெரிக்கரான டேவிட் டட்லி ஃபீல்ட் நியூயோர்க் மாநிலத்துக்காக வரைந்த சட்டக்கோவையே இதன் மூலம். நியூயோர்க் அதனை ஏற்கவில்லை. கலிபோர்னியாவோ அதே 1872இல் ஏற்றுக்கொண்டது.

1874இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு விசித்திரமானது. போட்டி வணிகர் இருவரில் ஒருவர், மற்றவர் தருவதாகச் சொன்ன 900 ரூபாயை நம்பிக் கடையை மூடினார். பணம் வரவில்லை. வழக்குத் தொடுத்தார், தோற்றார். செல்லாத ஒப்பந்தத்துக்குப் பணம் கோர முடியாது என்றது நீதிமன்றம். வாக்கைக் காப்பாற்றியவரே நட்டப்பட்டார்!

வேலையில் இருக்கும்போது விதிக்கும் கட்டுப்பாடு வேறு, விலகிய பின் விதிப்பது வேறு என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1967, 1980 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் வேறுபடுத்தியது. அமெரிக்காவிலோ சுமார் 3 கோடித் தொழிலாளர் இத்தகைய நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்கள் என்று மத்திய வர்த்தக ஆணைக்குழு கணித்தது. 2024 ஏப்ரலில் அது பிறப்பித்த தடையை ஓகஸ்ட் மாதம் டெக்சாஸ் நீதிமன்றமொன்று இரத்துச் செய்தது. 2025 செப்டெம்பரில் ஆணைக்குழு தனது மேன்முறையீட்டைக் கைவிட்டது.

27ஆம் பிரிவு நமது நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆகவே நண்பரை ஒரு சட்டத்தரணியிடம் அனுப்பினேன். அத்துடன் கல்கத்தா வணிகரின் கதையையும் சொன்னேன். இத்தகைய நிபந்தனைகளின் வலிமை பெரும்பாலும் நீதிமன்றத்தில் இல்லை. கையொப்பமிட்டவரின் அச்சத்திலேயே இருக்கிறது. செல்லுமா என்று கேளாமலே கடையை மூடிவிட்டோர் எத்தனை பேரோ!