'எப்பவாவது குடிப்பார்': ஒரு கேள்வியின் வரலாறு

1/ போன மாசம் டூட்டியில ரத்த வாந்தியோட ஒருத்தர் வந்தார். 42 வயசு. அவர் மனைவி பழைய ஓபி சீட்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில பத்திரமா வச்சிருந்தாங்க. மூணு வருஷமா நெஞ்செரிச்சல், பிபி, கீழ விழுந்து தையல்னு வந்துட்டே இருந்திருக்கார். எல்லாச் சீட்டிலும் ஒரே வரி: 'எப்பவாவது குடிப்பார்.' அதுல ஒண்ணு என் கையெழுத்து.

2/ 'எப்பவாவது'ன்னா வாரத்துக்கு எத்தனை நாள்? ஒரு தடவைக்கு எவ்வளவு? நாங்க யாரும் கேட்கல. சரி, கேட்டிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் பதில் தேடின கதைதான் இந்த த்ரெட்.

3/ முதல்ல அமெரிக்காவின் பாஸ்டன். மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வர்ற குடிநோயாளிகளை 'க்ளினிக்குக்குப் போங்க'ன்னு அனுப்பினா யாரும் போக மாட்டாங்க. 'இவங்களுக்குத் திருந்த ஆசையில்ல'ன்னு எல்லாரும் முடிவு கட்டியிருந்தாங்க.

4/ மோரிஸ் சாஃபெட்ஸ் என்ற மனநல மருத்துவர் அதைச் சோதிச்சுப் பார்த்தார். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவை மரியாதையா உட்கார வச்சு, அப்போதைய கஷ்டத்தைக் கேட்டுப் பேசினாங்க. 1962ல முடிவு வெளியாச்சு. வழக்கமான குழுவில் க்ளினிக்குக்கு வந்தவங்க 100க்கு சுமார் 5 பேர். மரியாதையா பேசின குழுவில் 65 பேர். அப்போ ஆசையில்லாதது யாருக்கு?

5/ அடுத்து லண்டன், 1977. மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்டு குழு, குடிநோய் உள்ள 100 கல்யாணமான ஆண்களை எடுத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் விரிவான பரிசோதனை நடந்துச்சு. அப்புறம் பாதிப் பேருக்கு மாசக்கணக்கில் முழு சிகிச்சை. மீதிப் பேருக்கு, கணவன் மனைவி ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வச்சு ஒரே ஒரு தடவை ஆலோசனை.

6/ ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல! பெரிய சர்ச்சை ஆச்சு. 'அப்போ நாங்க செய்யற சிகிச்சை எல்லாம் எதுக்கு?'ன்னு கேள்வி வரத்தானே செய்யும்.

7/ 1979ல அதே லண்டன், இந்தத் தடவை சிகரெட். மைக்கேல் ரஸ்ஸல் குழு, 28 குடும்ப டாக்டர்கள், 2138 புகைப்பவர்கள். ஒண்ணுமே சொல்லாம விட்டவங்கள்ல ஒரு வருஷம் நிறுத்தியே இருந்தவங்க 0.3%. 'விடுங்க'ன்னு சொல்லி, துண்டறிக்கை கொடுத்து, 'மறுபடி விசாரிப்போம்'னு சொன்னவங்கள்ல 5.1%. இவ்வளவுதானான்னு தோணும். ஆனா பிரிட்டன்ல எல்லா குடும்ப டாக்டரும் இதைச் செஞ்சா வருஷத்துக்கு 5 லட்சம் பேருக்கு மேல விடுவாங்கன்னு அவங்க கணக்குப் போட்டாங்க.

8/ சரி, யார்கிட்ட பேசணும்னு எப்படித் தெரியும்? உலக சுகாதார நிறுவனம் 1982ல 6 நாடுகள்ல ஆரம்பிச்ச வேலையில இருந்து வந்ததுதான் 'ஆடிட்'. 10 கேள்வி, 40 மார்க். 8 வந்தாலே கவனிக்கணும். அதுல 'நீ குடிகாரனா?'ங்கற கேள்வியே கிடையாது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு, முந்தின ராத்திரி நடந்தது மறந்துபோச்சா, குடியால யாருக்காவது அடிபட்டுச்சா, இப்படித்தான் போகும்.

9/ அப்புறம் 8 நாடுகள்ல ஒரு ஆய்வு, 1996ல வெளியாச்சு. அறிவுரை கிடைச்ச ஆண்கள், கிடைக்காதவங்களைவிட சராசரியா 17% குறைவா குடிச்சாங்க. 5 நிமிஷம் பேசினதுக்கும் 20 நிமிஷம் பேசினதுக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இல்ல.

10/ எப்படிப் பேசணும்? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் நார்வேயில இருந்தப்ப அங்கத்த உளவியலாளர்களோட நடந்த உரையாடல்கள்ல உருவான வழி, 1983ல கட்டுரையா வந்துச்சு. சுருக்கமா: நாம வாதாடினா அவர் குடியின் பக்கம் நின்னு வாதாடுவார். ஏன் குறைக்கணும்ங்கற காரணத்தை அவர் வாயாலயே வரவைக்கணும்.

11/ இது சர்வரோக நிவாரணி இல்ல. 2014ல அமெரிக்காவில் வந்த ரெண்டு பெரிய ஆய்வுகள்ல, போதைப்பொருள் பயன்படுத்துறவங்களுக்கு இந்தக் குறும்பேச்சு மட்டும் பலன் தரல. கை நடுக்கத்தோட காலையிலேயே குடிக்கிற நிலைக்கு வந்தவரை 'இன்னைக்கே நிறுத்து'ன்னு சொல்றது ஆபத்து. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.

12/ 'நம்ம ஊர் கூட்டத்துல இதெல்லாம் நடக்குமா?' கோவாவுல நடந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆண்கள்கிட்ட சில தடவை பேசினாங்க. 2017ல லான்செட் இதழ்ல முடிவு வந்துச்சு: 3 மாசத்துல பிரச்சினைக் குடியில இருந்து மீண்டவங்க 36%, வழக்கமான சிகிச்சையில 26%.

13/ அந்த 42 வயசுக்காரருக்கு ரத்தக்கசிவை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியாச்சு. சுருங்கின கல்லீரல் பழையபடி ஆகாது. மூணு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா குடியைக் குறைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கேட்டிருக்கலாம்.

14/ இப்போ என் ஓபியில 'எப்பவாவது'ன்னு எழுதறதில்ல. 'வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு'ன்னு எழுதறேன். நீங்களும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. நாங்க போலீஸ் இல்ல. வீட்ல யாருக்காவது உதவி வேணும்னா டெலி மனஸ் 14416க்குப் பேசுங்க. ரத்த வாந்தி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.