பழைய ஆயில் இன்ஜின் என்ன விலைக்குப் போகும்?

குடவாசல்ல தாத்தா வாங்கிப்போட்ட அஞ்சு குதிரைசக்தி ஆயில் இன்ஜினை விற்கணும்னார் சித்தப்பா. தேய்மானக் கணக்குப்படி அதன் மதிப்பு எப்போதோ பூஜ்ஜியம். ஓடலைன்னா பழைய இரும்பு, எடைக்கு எடை. ஓடுகிற இன்ஜினுக்கோ விலை வைப்பது மேட்டூர்.

1934-ல் அந்த அணை வந்தது; ஜூன் 12 டெல்டாவின் தேதியானது. 1991-ல் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவில் 205 டிஎம்சி என்றது. 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட ஜூன் 12-ல் மதகு திறக்கவில்லை. குறுவை போடணும்னா போர்த் தண்ணிதான். கரண்ட் இணைப்புக்குக் காத்திருப்பவர் இன்ஜினைத் தேடி வருவார், பேரம்கூடப் பேச மாட்டார்.

ஆனா வறட்சி நீண்டால் கதை மாறும். தரைமேல் நிற்கும் பம்பு நடைமுறையில் 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்சாது; காற்றழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். நீர்மட்டம் அதைத் தாண்டி இறங்கிவிட்டால் நீர்மூழ்கி மோட்டார்தான் வேணும். அப்புறம் இன்ஜினைக் கேட்டு வருவது காயலான் கடைக்காரர் மட்டும், தராசோடு.