நீராவி முதல் மின்துடிப்பு வரை

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு இருப்புப்பாதையோடு பின்னிப் பிணைந்தது. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. மலாயாவில் இருப்புப்பாதைகளை அமைத்தும் பேணியும் வந்தோருள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர். அவர்களுட் பலர் பிரிக்பீல்ட்சிலும் குடியமர்ந்தனர். அந்நாளில் வண்டியின் வேகம் மனிதன் கையில் இருந்தது. ஓட்டுநர் நெம்புகோலை அசைத்து நீராவியைக் கூட்டவும் குறைக்கவும் செய்தார்.

மின்தொடர்வண்டிகள் தோன்றியபோது, மின்னழுத்தத்தைக் குறைப்பது எவ்வாறு என்னும் வினா எழுந்தது. தொடக்கத்தில் மின்சுற்றின் இடையே மின்தடைகளைப் புகுத்தினர். வண்டி மெதுவாகச் சென்றது. ஆயினும் ஆற்றல் வெப்பமாகி வீணாயிற்று. குறைகடத்தி ஆளிகள் அக்குறையைப் போக்கின. அவை மின்சாரத்தை நொடிக்குப் பன்னூறு முறை விட்டுவிட்டுச் செலுத்தும். 750 வோல்ட்டைப் பாதி நேரம் செலுத்திப் பாதி நேரம் நிறுத்தினால், சராசரி அழுத்தம் 375 வோல்ட்டாகும். இதுவே துடிப்பகலப் பண்பேற்றம்.

1998இல் தொடங்கிய கிளானா ஜெயா தடத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் ஓடுகின்றன. வேகத்தைக் கணினி ஆணையிடுகிறது; கருவியை இயக்கும் நிரல் துடிப்பின் அகலத்தை மாற்றி, மோட்டாருக்கு வேண்டிய அழுத்தத்தை அளிக்கிறது. நெம்புகோல் செய்த பணியை இன்று நிரல் செய்கிறது.

உடலுழைப்பால் பாதை சமைத்தோரின் வழித்தோன்றல்கள், வண்டியை ஆளும் நிரலையும் எழுத வல்லவராதல் வேண்டும். அவ்வறிவுக்குரிய சொல் தமிழில் உண்டு. அதனை வகுப்பறையில் வழங்கச் செய்வது ஆசிரியர் கடன். கற்றுத் தேர்வது மாணவர் கடன்.